ஒரே புற்றுக்கு இரண்டு பங்காளிகள்: புற்றுக்காளானும் அழுங்கும்

நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு ஒரு கரையான் புற்றைச் சுற்றி வந்து பாருங்கள். சில இடங்களில் இரண்டு தடயங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். ஒருபுறம் மண்ணைப் பிளந்துகொண்டு வெள்ளையாகத் தலைநீட்டும் காளான். மறுபுறம் புற்றின் அடிவாரத்தில் குடைந்த ஒரு குழி, அதன் பின்னால் விசிறி விரித்ததுபோல் இறைந்து கிடக்கும் ஈரமண். முதலாவது புற்றுக்காளான். இரண்டாவது, இரவில் அழுங்கு வந்து போனதன் அடையாளம்.

பூஞ்சைக்கும் பாலூட்டிக்கும் ஒப்பிட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இரண்டுக்கும் சோறு போடுவது கரையான். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டின் உடலும், அவை பெருகும் விதமும், இரண்டையுமே மனிதர்கள் வளர்த்தெடுக்கத் திணறுவதன் காரணமும் சேர்ந்து விளங்கும்.

முதலில் பெயர்கள். அழுங்கை அலங்கு என்றும் எறும்புத்தின்னி என்றும் சொல்கிறோம். விடாப்பிடிக்கு ‘அழுங்குப்பிடி’ என்று பெயர் வைத்தவர்கள் இந்த விலங்கைக் கிட்டத்தில் பார்த்திருக்க வேண்டும். சுருண்டுவிட்ட அழுங்கைப் பிரிப்பது லேசான காரியமல்ல. நம் பக்கத்து இனத்தின் அறிவியல் பெயர் மானிஸ் கிராசிகாடேட்டா. இந்தியா, இலங்கை, நேபாளம், பாகிஸ்தான் நாடுகளில் வாழ்கிறது. உலகில் மொத்தம் எட்டு அழுங்கு இனங்கள். நான்கு ஆசியாவில், நான்கு ஆப்பிரிக்காவில்.

புற்றுக்காளானின் பேரினம் டெர்மிட்டோமைசஸ். கரையான் பூஞ்சை என்றே அதற்குப் பொருள். 1942-ல் பிரெஞ்சுப் பூஞ்சையியலாளர் ரோஜர் ஹைம் வைத்த பெயர். தென்னிந்தியாவில் கிடைக்கும் ஓர் இனத்தை 1979-ல் கே. நடராஜன் விவரித்து, ஹைமைச் சிறப்பிக்கும் வகையில் டெர்மிட்டோமைசஸ் ஹைமியை என்று பெயரிட்டார். இங்கே முக்கியமாகப் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

புற்றுக்குள் இருக்கும் தோட்டம்

நாம் வெளியே பார்க்கும் மண்மேடு வெறும் கூரையும் காற்றுப்போக்கியும்தான். உள்ளே அறை அறையாக, ஒவ்வொன்றிலும் பழுப்பு நிறத்தில் ஒரு கூடு. கையில் எடுத்தால் கனமே இருக்காது. மேற்பரப்பு மூளையின் மடிப்புகள்போல் வளைந்து வளைந்து போகும். விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிரும். கிட்டத்தில் பார்த்தால் மடிப்புகளுக்கு நடுவே கசகசா அளவில் வெள்ளை வெள்ளையாக மணிகள். அவை பூஞ்சையின் முடிச்சுகள். கரையானுக்கு அவை விருந்து.

இந்தக் கூட்டைக் கரையான் கட்டுவது தன் கழிவால். வேலைக்காரக் கரையான்கள் சருகையும் மக்கிய மரத்தையும் கொண்டுவருகின்றன. இளம் வேலைக்காரர்கள் அதை அந்த வெள்ளை முடிச்சுகளோடு சேர்த்துத் தின்று, பாதி செரித்தபடியே வெளியேற்றிக் கூட்டின் மேலே அடுக்குகின்றன. முடிச்சில் இருந்த பூஞ்சை வித்துகள் குடலில் அழியாமல் அந்தப் புது அடுக்கில் முளைக்கின்றன. பூஞ்சை சில வாரங்களில் மரத்தின் லிக்னினையும் செல்லுலோஸையும் உடைத்து மென்மையாக்கிவிடும். அதன் பிறகு பழைய அடியடுக்கைக் கரையான் தின்னும். மேலே நடவு, கீழே அறுவடை. சுமார் 3 கோடி ஆண்டுகளாக நடந்துவரும் விவசாயம் இது.

ஆக, மரத்தைச் செரிக்கும் வேலையில் பெரும்பங்கைக் கரையான் பூஞ்சையிடம் விட்டிருக்கிறது. அழுங்கின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். அதற்கு ஒரு பல்கூடக் கிடையாது. சுமார் 25 செ.மீ. நீளமுள்ள பசைநாக்கை நீட்டிக் கரையானையும் எறும்பையும் ஒட்டி இழுத்து அப்படியே விழுங்குகிறது. அந்த நாக்கின் தசைகள் தொண்டையோடு நிற்பதில்லை. மார்பெலும்பின் கடைக்கோடிவரை போகின்றன. மெல்லும் வேலை இரைப்பையில் நடக்கிறது. உள்சுவர் தடித்து இறுகியிருக்கும். இரையோடு உள்ளே போன மணலும் பொடிக்கற்களும் அங்கே அம்மிபோல் அரைக்கும். கரையானுக்குப் பூஞ்சை எப்படியோ, அழுங்குக்குக் கல்லும் மணலும் அப்படி.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அழுங்கு கரையானை மட்டும் தின்பதில்லை. எறும்பும் அதன் முட்டையும் அதன் தீனியில் பெரும்பங்கு. புற்றைத் தோண்டும் போதும் ஒரு பக்கத்தைக் குடைந்து தின்றுவிட்டு நகர்ந்துவிடும். ராணியின் அறை ஆழத்தில் கெட்டியான மண்ணுக்குள் இருப்பதால் பெரும்பாலும் தப்பிக்கும். உடைந்த இடத்தை வேலைக்காரர்கள் பூசி அடைத்துவிடுவார்கள். கடப்பாரையால் புற்றை அடியோடு பெயர்ப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மேலே குடைவதும் கீழே குடைவதும்

மண்ணைத் துளைப்பதில் இரண்டுமே கெட்டிக்காரர்கள். திசைதான் வேறு.

புற்றுக்காளானின் குடை நடுவில் கூரான கெட்டியான ஒரு குமிழ் இருக்கும். விரலால் தொட்டால் சுற்றியுள்ள சதையைவிட இறுக்கமாகத் தெரியும். மண்ணைத் துளைத்து மேலே வர அதுதான் உளி. அதன் பின்னால் நீளுகிறது ‘வேர்’ போன்ற தண்டு. செடியின் வேர்போல அது நீரை உறிஞ்சுவதில்லை. கீழே உள்ள கூட்டிலிருந்து மேலே வரும் கொடி அது. கூடு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு நீளம். ஒரு சாண் போதும் சில இடங்களில். சில இடங்களில் ஒரு முழத்தையும் தாண்டும்.

அழுங்கின் உளி முன்னங்காலில். நடுவிலுள்ள மூன்று நகங்கள் நீண்டு வளைந்திருக்கும். நடு நகம் எல்லாவற்றிலும் பெரிது. நகம் தேயாமல் இருக்க, நடக்கும்போது அவற்றை உள்ளே மடக்கி வைத்துக்கொள்கிறது. தோண்டும்போது காதையும் மூக்குத்துளையையும் மூடிக்கொள்ளும், கண்ணிமை தடித்தது. சிப்பாய்க் கரையானின் கடி உள்ளே ஏறாது.

உடம்பின் மூலப்பொருளும் பேசத் தகுந்தது. காளானின் செல் சுவரில் கைட்டின் என்ற கெட்டியான பொருள் இருக்கிறது. கரையானின் மேலோட்டிலும் அதே கைட்டின்தான். பூஞ்சைகள் செடிகளைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்பதற்கான சான்றுகளுள் இதுவும் ஒன்று. அழுங்கின் செதிலோ கெரட்டின். நம் நகமும் முடியும் எதனால் ஆனதோ அதே பொருள். 160 முதல் 200 செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருக்கும். மருந்தென்று அவற்றை வாங்கிப் பொடித்துச் சாப்பிடுகிறவர்கள் நகத்தை வெட்டிச் சாப்பிட்டாலும் ஒன்றுதான். 2020-ல் சீனாவே தன் அதிகாரப்பூர்வ மருந்துத் தொகுப்பின் பட்டியலிலிருந்து செதிலை எடுத்துவிட்டது.

ஒன்று ஒற்றைக் குட்டி, மற்றது எண்ணற்ற வித்து

பெருகும் விதத்தில்தான் இரண்டும் எதிரெதிர். பெண் அழுங்கு வழக்கமாக ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி போடும். குட்டி தாயின் வாலடியில் கவ்விக்கொண்டு சவாரி செய்யும். ஆபத்து வந்தால் தாய் அதை வயிற்றுக்குள் அணைத்துச் சுருண்டுகொள்ளும். ஒரு தாயைப் பிடித்தால் இரண்டு உயிர் போகிறது, அந்த இடம் நிரம்ப ஆண்டுகள் ஆகும்.

காளானைப் பறித்தால் அப்படி இல்லை. பூஞ்சையின் உடல் கூட்டில் இருக்கிறது. நாம் பறிப்பது அதன் கனியை. ஆனால் ‘கனிதானே’ என்று ஒன்றுவிடாமல் பறிக்கலாமா? கூடாது. காரணம் ஈசல்.

முதல் மழையில் ஈசல் பறக்கிறது. இறகை உதிர்த்த ஜோடி மண்ணுக்குள் இறங்கிப் புதுக் குடித்தனம் தொடங்குகிறது. பெரும்பாலான காளான் வளர்க்கும் கரையான் வகைகளில் அந்த ஜோடி தாய்வீட்டிலிருந்து பூஞ்சையைச் சீதனமாகக் கொண்டுவருவதில்லை. மைக்ரோடெர்மிஸ் போன்ற சில வகைகள் மட்டும் கொண்டுபோகும். மற்றவற்றில், முதல் குஞ்சுகள் வளர்ந்து தீனி தேட வெளியே வரும்போது, சருகோடு சேர்ந்து புற்றுக்காளானின் வித்தும் கிடைத்தால்தான் புதுத் தோட்டம் போட முடியும். அந்த நேரத்தில் வித்தைத் தூவ விரிந்த குடைகள் வெளியே நிற்க வேண்டும். குடை விரியாத மொட்டுதான் ருசி என்று மொட்டுகளை மொத்தமாகப் பறித்துவிட்டால் அந்தப் புற்றிலிருந்து அந்தப் பருவத்தில் ஒரு வித்தும் வெளியேறாது. மூன்றில் ஒரு பங்கையாவது விரிய விடுங்கள் என்பது என் கறாரான கருத்து.

பறிக்கப் போகிறவர்களுக்கு

முதலில் பாம்பு. ‘கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது’ என்பது வெறும் பழமொழி இல்லை. துளைக்குள் கை விடாதீர்கள். மூடிய காலணி போடுங்கள். குச்சியால் சருகை விலக்கிய பிறகே குனியுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகக்கூடாது என்பதும் தெரிந்ததே.

புற்றின்மேல் முளைப்பதெல்லாம் புற்றுக்காளான் அல்ல என்பது இரண்டாவது. கறுப்பு விரல்கள் போலவோ கரிக்குச்சிகள் போலவோ நீட்டிக்கொண்டிருந்தால் அது சைலேரியா வகை. கரையான் உயிரோடு இருக்கும்வரை களை எடுத்து அதை அடக்கி வைக்கும். கைவிட்ட கூட்டில் மளமளவென்று ஏறிவிடும். அது தலைகாட்டினால் அந்தக் கூட்டில் குடியில்லை என்று அர்த்தம். புற்றுக்காளானை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

உண்மையான புற்றுக்காளானுக்கு எல்லா அடையாளமும் ஒருசேர இருக்க வேண்டும். ஒன்றிரண்டு பொருந்துவது போதாது.

ஒரு காளானையாவது பக்கவாட்டில் குச்சியால் மண்ணை விலக்கி அடிவரை பாருங்கள். தண்டு மண்மட்டத்துக்குக் கீழே கொஞ்சம் தடித்து, பிறகு மெலிந்து கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும். அடியில் உடைந்த முட்டை ஓடு போன்ற பை இருந்தால் உடனே விட்டுவிடுங்கள். உயிர்க்கொல்லியான அமானிட்டா வகைகளுக்கு அப்படித்தான் இருக்கும். நீண்ட வேரை மட்டும் நம்பியும் ஏமாறக்கூடாது: புதைந்த மரத்திலிருந்து வேர்விட்டு எழும் வேறு காளான்களும் உண்டு. அவற்றின் வித்து வெள்ளை.

அடுத்து, குடையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் தகடு தகடாக இருக்கும் செவுள்கள் தண்டைத் தொடாமல் நின்றுவிட வேண்டும். இளசில் வெள்ளை, முற்றினால் இளஞ்சிவப்புச் சாயல். செவுள் தண்டோடு ஒட்டியிருந்து வித்தும் இளஞ்சிவப்பாக இருந்தால் அது என்டோலோமாவாக இருக்கலாம். அதில் நஞ்சுள்ளவை உண்டு.

மூன்றாவது, வித்துப் படிவம். தண்டை நறுக்கிவிட்டு, விரிந்த குடையைச் செவுள் கீழே இருக்கும்படி பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாள்மேல் வையுங்கள். ஒரு கிண்ணத்தால் மூடி 6 முதல் 12 மணி நேரம் விடுங்கள். தாளில் படியும் வித்துப்பொடியின் நிறம்தான் படிவம். புற்றுக்காளானுக்கு அது வெளிறிய இளஞ்சிவப்பு. படிவம் பச்சையாக வந்தால் அது குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ். மழைக்குப் பிறகு புல்வெளியில் கொழுகொழுவென்று பெரிதாக வெள்ளையாக வளரும் இது, உலகம் முழுக்கக் காளான் நஞ்சுக்கு அடிக்கடி காரணமாவது. தின்ற 1 முதல் 3 மணி நேரத்தில் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு. இளசில் இதன் செவுளும் வெள்ளைதான். பச்சை ஏற நேரமாகும். படிவம் எடுக்காமல் கண்ணால் மட்டும் பார்ப்பவர்கள் அங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். வெள்ளைப் படிவம் வந்தாலும் வேண்டாம்.

நஞ்சுக்காளானில் வெள்ளிக்காசைப் போட்டால் காசு கறுக்கும், பூச்சி அரித்திருந்தால் நல்ல காளான், நன்றாகக் கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடும். இந்த மூன்றும் பொய். அமானிட்டாவின் நஞ்சு கொதிப்பதில் அழியாது. அதன் கொடுமை வேறு: 6 மணி முதல் 24 மணி நேரம்வரை ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தி, பேதி. ஒருநாள் தேறியதுபோல் இருக்கும். அதற்குள் ஈரல் கெட ஆரம்பித்திருக்கும். காளான் தின்று 6 மணி நேரம் கழித்து வாந்தி வந்தால், நின்றுவிட்டதே என்று வீட்டில் இருக்காதீர்கள். மீதி காளானைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். எதைத் தின்றார்கள் என்று தெரிந்தால் சிகிச்சைக்குப் பேருதவி.

பறிக்கும்போது மண்மட்டத்தில் கத்தியால் நறுக்குங்கள். பிடுங்கினால் வேர் பாதியில் அறுந்துபோகும், உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. வேரைத் துரத்திக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினால் கூடு உடையும், மழைத்தண்ணீர் அறைக்குள் இறங்கும். அடுத்த பருவத்தில் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கலாம். பறித்ததைக் கூடையிலோ தாளிலோ வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து, புழு வைத்து, அன்றைக்கே கெடும். பூச்சிமருந்து அடித்த வயல்வரப்புப் புற்றும் சாலையோரப் புற்றும் வேண்டாம். மண்ணில் உள்ளதைக் காளான் தன்னுள் சேர்த்துக்கொள்ளும்.

புற்றே இல்லாத தரையில் குடை 1 முதல் 2 செ.மீ. அளவில் நூற்றுக்கணக்கில் பூத்துக் கிடப்பது டெர்மிட்டோமைசஸ் மைக்ரோகார்பஸ். கரையான் பழைய கூட்டுத் துணுக்குகளை மேலே கொண்டுவந்து கொட்டிய இடத்தில் அது முளைக்கும். அதற்கு நீண்ட வேர் கிடையாது. ஆகவே முதல் அடையாளமே பொருந்தாது. புதியவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

அழுங்கின் தடயம் கண்டால்

குழியைக் கொண்டு விலங்கைச் சொல்லலாம். அழுங்கின் குழி குறுகலானது, தன் உடம்பு நுழையும் அளவே இருக்கும். சுவரில் நகக்கோடுகள் இணையாக ஓடும். மண் பின்னால் ஒரே திசையில் தள்ளப்பட்டிருக்கும். கரடி தோண்டியது என்றால் குழி அகலம். பெரிய பெரிய மண்கட்டிகள் நாலாபக்கமும் சிதறியிருக்கும். கரடியின் தோண்டல் புதிதாக இருந்தால் அங்கே நிற்காமல் திரும்பிவிடுங்கள்.

தீனிக்குத் தோண்டும் குழி வேறு, குடியிருக்கும் வளை வேறு. வளை பல அடி ஆழம் போகும். உள்ளே அழுங்கு இருக்கும்போது வாயை உட்புறமிருந்து தளர்ந்த மண்ணால் மூடியிருக்கும். மூடியிருக்கிறதே, காலி என்று நினைத்து அந்த இடத்தில் குழி வெட்டவோ தீ மூட்டவோ கூடாது.

வழி தவறி வீட்டுப்பக்கமோ கிணற்றிலோ அகப்பட்டுவிட்டால் செய்யவேண்டியது கொஞ்சம்தான். நாய்களைக் கட்டுங்கள், கூட்டத்தை விலக்குங்கள், விளக்கை அணையுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். சுருண்டிருப்பதைப் பிரிக்க முயலாதீர்கள். செதில் பிய்ந்து புண்ணாகும், பயத்திலேயே பாதி உயிர் போய்விடும். அவர்கள் வரும்வரை அடைத்து வைத்தே ஆகவேண்டும் என்றால் காற்றுத்துளை உள்ள உறுதியான மரப்பெட்டி நல்லது. கம்பிவலைக் கூண்டில் நகம் மாட்டிக் கிழியும். சாக்கில் கட்டினால் சூட்டில் மூச்சுமுட்டும். தட்டையான பாத்திரத்தில் தண்ணீர் போதும். பாலும் பழமும் சோறும் கொடுக்காதீர்கள். அந்த இரைப்பை அதற்கானதல்ல. படம் எடுத்து இடத்தின் பெயரோடு பகிர்வதும் வேண்டாம். கடத்துகிறவர்களுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அழுங்கு இருக்கிறது. வேட்டைக்கு 3 முதல் 7 ஆண்டுச் சிறை. 2016-ல் ஜோஹானஸ்பர்க்கில் கூடிய பன்னாட்டு மாநாட்டில் எட்டு இனங்களின் சர்வதேச வணிகமும் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் நம் அழுங்கு அழியும் நிலையில் உள்ள இனமாகவே இருக்கிறது.

வளர்க்க முடியாத இரண்டு

சிப்பிக்காளானை வைக்கோல் பையில் வளர்க்கிறோம். புற்றுக்காளானை ஏன் முடிவதில்லை என்று பலர் கேட்கிறார்கள். பூஞ்சை இழையைத் தட்டில் வளர்த்தெடுக்க முடிகிறது. குடை மட்டும் வருவதில்லை. கரையானின் குடல் வழியாக வந்த பொருள், சுமார் 30 டிகிரியில் நிலைத்த வெப்பம், ஈரம் ததும்பும் காற்று, ஓயாத களையெடுப்பு என்று புற்றுக்குள் நடப்பதையெல்லாம் பையில் போட்டுக் கட்ட முடியவில்லை. பையில் வளர்த்த புற்றுக்காளான் வித்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

அழுங்கும் அப்படியே. ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் இதற்கென இனப்பெருக்க மையம் உண்டு. அங்கே குட்டிகளும் பிறந்திருக்கின்றன. ஆனால் அது தனி நிபுணத்துவம். பொதுவாகக் கூண்டில் அழுங்கு வயிற்றுக்கோளாறாலும் அச்சத்தாலும் சீக்கிரமே இறக்கும். எறும்பும் கரையானும் கலந்த தீனியை நாள்தோறும் தேடித் தருவதும், மாற்றுத் தீனிக்கு அதைப் பழக்குவதும் பெரும்பாடு.

சொந்த இடத்தில் புற்று வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை உண்டு. வீட்டின் மரச்சாமான்களில் ஏறும் கரையானையும், தோட்டத்து ஓரத்தில் சருகைத் தின்னும் கரையானையும் ஒன்றாக எண்ணி எல்லாப் புற்றிலும் மருந்து ஊற்றிவிடாதீர்கள். கட்டடத்தை ஒட்டியதை மட்டும் கவனியுங்கள். வேலியோரத்துப் புற்றை அப்படியே விட்டு, அதைச் சுற்றி ஐந்தாறு அடிக்குச் சருகைக் கூட்டாமல் கிடக்க விடுங்கள். பட்டுப்போன கிளையை எரிக்காமல் அங்கேயே போடுங்கள். ஈசல் பறந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து வாரத்துக்கு இருமுறை விடிகாலையில் போய்ப் புற்றின் அடிவாரத்தைப் பாருங்கள். முதலில் தெரிவது மண்ணில் நட்சத்திரம்போல் ஒரு சின்ன வெடிப்பு. மறுநாள் அதன் நடுவில் கூரான குமிழ் எட்டிப்பார்க்கும்.